ஒளியும் பெயரும்: யூலியா மார்கறெற் கமரனின் உருவப்படங்கள்

மாந்தர் தம் உருவத்தை நிலைபெறச் செய்யவேண்டும் என்னும் வேட்கை மிகப் பழமையானது. பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டபொழுது அவன் பெயரையும் புகழையும் அக்கல்லிற் பொறித்தனர். கல்லிற் செதுக்கிய உருவம் அவனை முற்றும் ஒத்திருந்ததோ இல்லையோ, பெயர் இருந்தமையால் அக்கல் இன்னானுடையது என்பது வழிச்செல்வோர்க்கு விளங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றிய புகைப்படக்கலை இந்நிலையைத் தலைகீழாக மாற்றியது. உருவம் மயிரிழையும் பிசகாது பதிந்தது. ஆயின், பெயர் பதிவதும் பதியாதொழிவதும் படம் எடுத்தோரின் கருத்தைப் பொறுத்தனவாயின. எவருடைய படத்தின்கீழ்ப் பெயர் எழுதப்பட்டது, எவருடைய படத்தின்கீழ் எழுதப்படவில்லை என்னும் வினா, ஆகவே, அக்காலத்து உருவப்படங்களை ஆராய்வோர் முதற்கண் எழுப்பவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு யூலியா மார்கறெற் கமரன் அம்மையாரின் படங்கள் பெரிதும் ஏற்றவை. பிரித்தானியப் பேரரசின் கவிஞரையும் அறிஞரையும் ஆட்சியாளரையும் படமெடுத்த அவர், தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் இலங்கையிலே எளிய மக்களையும் படமெடுத்தார். எடுத்தவர் ஒருவர், அவர் கையாண்ட முறையும் பெரும்பாலும் ஒன்றே. இங்ஙனமாகவும், அவர் இங்கிலாந்தில் எடுத்த பெரியோர் படங்கட்கும் இலங்கையில் எடுத்த மக்கள் படங்கட்கும் இடையே பெரியதொரு வேறுபாடு கிடக்கின்றது. அவ்வேறுபாடு கலைத்திறனால் விளைந்ததா, காலத்தின் அரசியலால் விளைந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கமரன் அம்மையார் 1815 ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் உயர் அலுவலர். தாயார் பிரெஞ்சு உயர்குடி வழிவந்தவர். 1838 இல் அவர் கல்கத்தாவிலேயே சாள்ஸ் ஹே கமரன் என்பாரை மணந்தார். இலங்கை வரலாறு கற்றோர்க்கு இப்பெயர் புதியதன்று. கோல்புறூக்குடன் ஆணையாளராக இந்நாட்டுக்கு வந்து, நீதித்துறை பற்றிய அறிக்கையை 1832 இல் அளித்தவர் இவரே. 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் இவர் அறிக்கையை அடியாகக் கொண்டு எழுந்தது. இராசகாரிய முறை ஒழிந்ததும், சட்டநிரூபண சபை தோன்றியதும், நாடு முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் வந்ததும் அவ்விருவரின் பரிந்துரைகளோடு தொடர்புடையன. பின்னர் இவர் இந்தியப் பெருஞ்சபையிற் சட்ட உறுப்பினராகவும் விளங்கினார். இலங்கையின் மலைநாட்டிலே காணிகள் வாங்கிக் கோப்பிப் பயிர்ச்செய்கையிலும் இவர் ஈடுபட்டார். 1848 இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. 1860 இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் அவர்கள் வீடு வாங்கியபொழுது, தங்கள் இலங்கைத் தோட்டத்தின் பெயரையே தழுவி அதற்கு 'டிம்போலா' எனப் பெயரிட்டனர். அவ்வீட்டின் பெயரிலும் இலங்கை இருந்தது. வருவாயிலும் இலங்கை இருந்தது. ஆதலின், அம்மையாரின் கலையை ஆங்கில நாட்டின் உள்வீட்டுக் கதையாக மட்டும் கொள்வது பொருந்தாது.

அம்மையாரின் தனித்தன்மையை உணர்வதற்கு அக்காலத்து உயர்குடியினர் படமெடுத்துக்கொண்ட முறையை ஒருவாறு அறிதல் வேண்டும். 1854 இல் திஸ்தேரி என்னும் பிரெஞ்சுக்காரர், ஒரே கண்ணாடித் தகட்டிற் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். விசிற்றிங் காட் அளவிலான அச்சிறு படங்கள் ஐரோப்பா எங்கும் பெருவழக்காயின. குடியேற்ற நாடுகளையும் விரைவில் வந்தடைந்தன. கல்கத்தா, பம்பாய், சென்னை, கொழும்பு, கண்டி முதலிய நகரங்களிலே படப்பிடிப்பு நிலையங்கள் தோன்றின. அங்கே படமெடுக்கச் சென்றவர் பொய்த்தூணொன்றின் அருகே நின்றார். அல்லது செதுக்குவேலை செய்த நாற்காலியில் அமர்ந்தார். பின்னே திரைச்சீலை தொங்கிற்று. மேசைமீது நூலொன்று கிடந்தது. தேசாதிபதி தம் பதக்கங்களோடும், முதலியார் தம் பொன்னிழைச் சட்டையோடும் வாளோடும், வணிகர் தம் கடிகாரச் சங்கிலியோடும் படமாயினர். இவ்வகைப் படங்கள் ஆளைக் காட்டின என்பதைவிட ஆளின் பதவியைக் காட்டின என்பதே பொருந்தும். முகம் சிறிது, உடையும் உடைமையும் பெரிது. இன்று அவற்றைப் பார்ப்போர் தூணையும் திரையையும் நினைவிற் கொள்வரேயன்றி முகத்தை நினைவிற் கொள்ளார்.

இதே காலத்தில் வேறொரு வகைப் படமும் வளர்ந்தது. இந்தியாவின் மக்களை இனம் இனமாகவும் சாதி சாதியாகவும் வகுத்துக் காட்டும் நோக்குடன், 'இந்திய மக்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில், 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் அரசாங்க ஆதரவுடன் இலண்டனில் வெளிவந்தன. அவற்றில் 468 படங்கள் அடங்கின. அங்கே ஆளின் பெயர் பெரும்பாலும் வேண்டப்படவில்லை. அவர் எவ்வினத்தின் மாதிரி என்பதே வேண்டப்பட்டது. உயர்ந்தோர்க்குப் பெயருடன் கூடிய உருவப்படம், ஏனையோர்க்கு இனப்பெயருடன் கூடிய மாதிரிப்படம் என இருவேறு வழக்குகள் அந்நூற்றாண்டில் நிலைபெற்றன. முன்னையது படமெடுக்கப்பட்டவர் பணம் கொடுத்துப் பெற்றது. பின்னையது படமெடுக்கப்பட்டவருக்குப் பயன்படாது, பார்ப்பவருக்குப் பயன்பட்டது.

இவ்விரு வழக்குகளுக்கும் புறம்பான ஒருவராகவே கமரன் அம்மையார் கலையுலகிற் புகுந்தார். 1863 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் அவருடைய மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாகவும் கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூரையிட்ட படப்பிடிப்புக் கூடமாகவும் மாற்றிக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். அக்காலத்து ஈரக் கொலோடியன் முறை எளியதன்று. கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, அது உலருமுன்னே படமெடுத்து, உலருமுன்னே உருத்துலக்கி முடித்தல் வேண்டும். அம்மையாரோ பெரிய தகடுகளையே விரும்பினார். பிற்காலத்தில் அவர் கையாண்ட தகடுகள் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவின. அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. அசைந்தவரின் முகத்தில் மெல்லிய கலக்கம் ஏற்பட்டது. புகைப்படச் சங்கத்தார் இதனைக் குறையென்று இகழ்ந்தனர். அம்மையாரோ அம்மென்மையையே தம் நடையாக்கினார். தூண் இல்லை, திரை இல்லை, பதக்கம் இல்லை. இருண்ட பின்னணியினின்றும் முகமொன்று ஒருபக்க ஒளியில் எழுந்து தகட்டை நிறைக்கும். இதுவே அவர் கண்ட முறை.

அம்முறையின் சிறப்பைச் சேர் யோன் ஹேர்ஷலின் படம் நன்கு புலப்படுத்தும். வானியலிலும் வேதியியலிலும் பெரும்புகழ் எய்திய ஹேர்ஷல், புகைப்படக்கலை வளரவும் துணை செய்தவர். கமரன் அம்மையாருக்கு அக்கலையின் செய்தியை முதன்முதல் அறிவித்த நண்பரும் அவரே. 1867 இல் எடுக்கப்பட்ட அப்படத்தில் தொலைநோக்கியும் இல்லை, வான்கோளமும் இல்லை. ஒளி பட்ட வெண்மயிரும், ஈரங் கசிந்தன போன்ற கண்களுமே உள்ளன. எனினும், நெடுங்காலம் விண்ணை நோக்கிய ஒருவரின் முகம் இது என்பது சொல்லாமலே விளங்குகின்றது. கவிஞர் தெனிசனை 1865 இல் எடுத்த படமும் இத்தகையதே. அதனைக் கண்ட கவிஞர் அழுக்குத் துறவி என்று தம்மைத் தாமே எள்ளிப் பெயரிட்டதாகக் கூறுவர். பதவியை நீக்கி ஆளைக் காட்டுவதில் அம்மையார் பெற்ற வெற்றி ஐயத்துக்கு இடமற்றது.

ஆயின், பதவியை நீக்குதல் அதிகாரத்தை நீக்குதல் ஆகாது. இவ்வுண்மையை வேறொரு படம் உணர்த்துகின்றது. 1865 ஆம் ஆண்டு யமேய்க்காத் தீவின் மொறன்ற் குடாவிலே கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தேசாதிபதி எட்வேட் யோன் அயர் இராணுவச் சட்டம் பிறப்பித்து அதனை அடக்கினார். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அறுநூறு பேர்வரை கசையடி பெற்றனர். ஏறக்குறைய ஆயிரம் குடிசைகள் தீக்கிரையாயின. அயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டும் என்று யோன் ஸ்ரூவேட் மில் தலைமையில் ஒரு சாராரும், அவரைக் காக்கவேண்டும் என்று தோமஸ் கார்லைல் தலைமையில் மறுசாராரும் இங்கிலாந்தில் வாதிட்டனர். டார்வின் முன்னையோரை ஆதரித்தார். தெனிசன் பின்னையோரை ஆதரித்தார். 1867 இல் கமரன் அம்மையார் கார்லைலைப் படமெடுத்தார். அதே ஆண்டில் அயரையும் படமெடுத்தார். 1868 இல் டார்வினையும் படமெடுத்தார். வழக்காடிய இரு சாராருக்கும் வழக்குக்குரியவருக்கும் ஒரே பெருமிதத்தை அவருடைய கமரா வழங்கிற்று. அயரின் படத்தை வரலாறு அறியாது பார்ப்பவர் துன்புற்ற சான்றோர் ஒருவரையே காண்பர். முகத்தைப் பெரிதாக்கி, சூழலை இருளில் ஆழ்த்தும் முறை, அம்முகத்துக்குரியவர் செய்தவற்றையும் இருளில் ஆழ்த்திவிடுகின்றது. இது அம்மையாரின் கலைக்குரிய குறை; திறமைக் குறைவினால் நேர்ந்ததன்று, திறமையினாலேயே நேர்ந்தது.

அம்மையார் உயர்ந்தோரை மட்டுமே படமெடுத்தார் எனல் பிழையாகும். அவருடைய பணிப்பெண் மேரி ஹிலியர் பல படங்களிலே கன்னி மரியாளாகத் தோற்றமளிக்கின்றார். இரந்துவந்த ஐரிஷ் பெண்ணொருத்தியின் மகளாகிய மேரி றயன் என்பாளை அம்மையார் தம் வீட்டிற் சேர்த்து வளர்த்தார். அவளும் பல படங்களிற் கதைமாந்தராக இடம்பெற்றாள். கண்காட்சியொன்றில் அவளைக் கண்டு மனங்கொண்ட இளைஞர் 1867 இல் அவளை மணந்தார். அவரே இந்திய சிவில் சேவையிற் பணியாற்றி, பின்னாளில், 1904 இல், இந்திய தேசிய காங்கிரசின் தலைமை தாங்கிய சேர் ஹென்றி கொட்டன். இப்பெண்களின் படங்களுக்கு இடப்பட்ட தலைப்புகளிற் பல விவிலியத்திலிருந்தும் காவியங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஆயினும், கடிதங்களாலும் நினைவுக் குறிப்புகளாலும் அவர்கள் பெயர்கள் காப்பாற்றப்பட்டன. பணிப்பெண்ணாயினும் அவள் அவ்வூராள். பலர் அறிய வாழ்ந்தவள்.

வேற்றின மாந்தர் எவர்க்கும் பெயர் மறுக்கப்பட்டது எனலும் பிழையாகும். 1868 இல் மகதலாக் கோட்டையைப் பிரித்தானியப் படை கைப்பற்றியபொழுது அபிசீனியப் பேரரசர் தெவோத்ரோஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய ஏழு வயது மைந்தன் அலமாயு இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அவ்வாண்டிலேயே கமரன் அம்மையார் அவனைப் பிரெஷ்வாட்டரிற் படமெடுத்தார். தாயும் தந்தையும் நாடும் இழந்த சிறுவனின் கண்களிலுள்ள வெறுமையை அப்படம் மறைக்கவில்லை. அதன்கீழ் அவன் பெயரும் தந்தை பெயரும் எழுதப்பட்டன. அரசகுமாரன் ஆதலின், சிறைப்பட்ட நிலையிலும் பெயர் அவனை விட்டு நீங்கவில்லை. இதனால் ஓர் உண்மை தெளிவாகும். பெயரைத் தருவதும் மறுப்பதும் நிறத்தை மட்டும் பொறுத்தனவல்ல; குடிநிலையையும் பொறுத்தன. நிறமும் தாழ்ந்த நிலையும் ஒருங்கே கூடியவிடத்தே பெயர் முற்றாக மறைந்தது. அத்தகைய இடம் இலங்கை.

1869 இல் இலங்கையின் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றியது. தோட்ட வருவாய் தளர்ந்தது. கடனும் முதுமையும் நெருக்க, 1875 இல் கமரன் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கு வந்தனர். கணவருக்கு அப்பொழுது எண்பது வயது. சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுவந்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. அவர்களுடைய மைந்தர் ஒருவர் அரசாங்க சேவையில் இருந்தார். களுத்துறையிற் கடலோரத்திலே அவருடன் அவர்கள் வாழ்ந்தனர். இங்கிலாந்தில் அம்மையார் எடுத்தனவாக இன்று அறியப்படும் படங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. இலங்கையில் எடுத்தனவாக எஞ்சியுள்ளவை முப்பதைத் தாண்டா. வெப்பத்தில் ஈதர் விரைந்து ஆவியாகும். தகடு விரைந்து உலரும். வேண்டிய பொருள்கள் கடல் கடந்து வரவேண்டும். இத்தனை இடர்களிடையேயும் அவர் படமெடுத்தார் என்பது போற்றத்தக்கதே.

இப்படங்களிலே உள்ளூர் மக்களும், தோட்டத் தொழிலாளரும் காணப்படுகின்றனர். இவற்றைப் பிரெஷ்வாட்டர்ப் படங்களோடு அடுத்து வைத்து நோக்கின் இரண்டு வேறுபாடுகள் புலனாகும். முதலாவது, பெரும்பாலானவற்றில் கமரா பின்வாங்கி நிற்கின்றது. இங்கிலாந்தில் முகத்தையே நாடிய கண், ஈண்டு உடலையும் உடையையும் நிற்கும் நிலையையும் நாடுகின்றது. இரண்டாவது, பெயர் இல்லை. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இவை 'இளம்பெண், இலங்கை' என்பன போன்ற பொதுத் தலைப்புகளாலேயே வழங்கப்படுகின்றன. ஹேர்ஷலின் படத்தை 'முதியவர், இங்கிலாந்து' என்று எவரேனும் வழங்குவரோ?

1878 இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் குழுப்படம் இங்குத் தனித்து ஆராயத்தக்கது. அப்படத்தோடு அம்மையார் தம் கையால் ஒரு குறிப்பும் எழுதினார். சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்று கூறுகின்றார் என்றும், தமக்கு வயது நூறு என்று சொல்கின்றார் என்றும் அக்குறிப்புத் தெரிவிக்கின்றது. சிறிய குறிப்பாயினும் இதனுள் அடங்கியது மிகுதி. அம்முதியவரோடு உரையாடல் நிகழ்ந்துள்ளது, வயது வினாவப்பட்டுள்ளது, உறவு வினாவப்பட்டுள்ளது, விடைகளும் பெறப்பட்டுள்ளன. ஆதலின், மொழி தெரியாமையாற் பெயர் விடுபட்டது என்று கூற இடமில்லை. பெயரைக் கேட்டிருப்பின் அதுவும் கிடைத்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை, அல்லது கேட்டும் எழுதத் தோன்றவில்லை. அன்றியும், வயதும் உறவும் அவர் 'கூறுவன'வாகவே குறிக்கப்பட்டுள்ளன. எழுதியவர் அவற்றை ஏற்றாரில்லை. வியப்பும் ஐயமும் கலந்த நோக்கே அவ்வரிகளில் மேலோங்கி நிற்கின்றது. தெனிசனின் வயதையோ அவர் மைந்தருக்கு அவர் தந்தை என்பதையோ இவ்வண்ணம் எழுத அம்மையார் துணிந்திரார்.

1877 ஆம் ஆண்டளவில் களுத்துறைக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த் அம்மையாரின் நினைவுக் குறிப்பும் இதற்கு அரண் செய்கின்றது. நோர்த்துக்குப் போர்வை சுற்றி, கூந்தலை அவிழ்த்து, தென்னோலைகளிடையே நிறுத்தி, 96 பாகை வெப்பத்தில் இயல்பாக இருக்கும்படி கூறிக் கமரன் அம்மையார் படமெடுத்த செய்தியை அவர் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். மற்றொரு செய்தியும் அங்கே உண்டு. உள்ளூரான் ஒருவனின் முதுகின் அழகிலே மனம் பறிகொடுத்த அம்மையார், தோட்டமே இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மைந்தரை வற்புறுத்தினாராம். நகைத்து விடுவதற்குரிய செய்தியன்று இது. இங்கிலாந்தில் நெற்றியை நாடிய கண் இலங்கையில் முதுகை நாடியது. நெற்றி அறிவுக்கு இருப்பிடம் என்றும், முதுகு சுமைக்கு இருப்பிடம் என்றும் பேரரசு கொண்டிருந்த எண்ணம், கலைஞரின் கண்ணையும் அவர் அறியாமலே ஆட்கொண்டிருந்தது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். கீழ்த்திசைக் கலைமரபிலே பெயரின்மை இழிவன்று என்பதே அது. கமரன் அம்மையார் களுத்துறையில் வாழ்ந்த காலத்தில், 1877 இல், கொழும்பிற் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்திற் பணியாற்றிய அவர், புகைப்படங்களையும் கலைப்பொருளாக ஏற்று அங்கே இடம்பெறச் செய்தவருள் ஒருவர். மரபுவழிக் கலையில் உருவப்படம் என்பது தசையின் சாயலைக் காட்டுவதற்கன்றி ஆளின் உள்ளியல்பைக் காட்டுவதற்கே அமைந்தது என்பது அவர் துணிபு. சிற்பி தன் பெயரைப் பொறியாதிருந்ததையும் அவர் மரபின் பெருமையாகவே கொண்டார். அங்ஙனமாயின், பெயரற்ற களுத்துறைச் சிறுமியும் மாந்தர் யாவர்க்கும் பொதுவான அழகின் வடிவாகக் கொள்ளப்படலாகாதோ எனின், அது பொருந்தாது. பெயரைத் துறத்தல் வேறு. பெயர் பறிக்கப்படுதல் வேறு. சிற்பி தன் பெயரைத் தானே மறைத்தான். அது அவன் அடக்கம். களுத்துறைச் சிறுமியின் பெயரைப் பிறர் மறைத்தனர். அது அவள் அடக்கமன்று. அன்றியும், எடுத்தவர் தம் பெயரைத் தம் படங்களில் எழுதத் தவறியவரல்லர். படமெடுத்தவரும் பெரியோரும் பெயர்பெற, எளியோர் மட்டும் பெயரற்றிருத்தலை மரபென்று கூறி அமைதல் இயலாது.

இன்னொரு மறுப்பு வலிமை வாய்ந்தது. தம் காலத்து வணிகப் படப்பிடிப்பாளரைப் போல அம்மையார் இம்மக்களை இன மாதிரிகளாக எடுத்து விற்கவில்லை, அளவுகோலோடு நிறுத்தவில்லை, அவர்கட்கும் இயன்றவரை ஒளியும் நிழலும் தந்தார் என்பதே அது. இது மெய். இளம்பெண்கள் சிலரின் படங்களிலே, பிரெஷ்வாட்டரின் கன்னி மரியாளிடம் காணப்படும் அமைதி காணப்படுகின்றது. அவர்கள் கமராவை நேர்நோக்கும் பார்வையிலே அச்சமுமில்லை, இரப்புமில்லை. ஒளியைப் பொறுத்தமட்டில் அம்மையார் வஞ்சனை செய்தாரல்லர். இதனை மறைத்து அவரைப் பழித்தல் நேர்மையன்று. ஆயின், ஒளியை அளித்தவர் பெயரை அளிக்கவில்லை என்பதும் அவ்வாறே மறைக்கத்தக்கதன்று.

இந்நிலை அவர் கணவரின் பணியோடு ஒப்புநோக்கத்தக்கது. சாள்ஸ் கமரன், ஐரோப்பியர் என்றும் உள்நாட்டார் என்றும் வேறுபாடு பாராது யாவரையும் ஒரே நீதிமன்றத்தின்முன் நிறுத்த விழைந்தார். அது அந்நாளிற் பெரியதொரு முன்னேற்றம். எனினும், இராசகாரியம் ஒழிந்த நாட்டிலே பெருந்தோட்டம் எழுந்தது; தென்னிந்தியாவினின்றும் தொழிலாளர் வந்தனர்; சட்டத்தின்முன் சமமானோர் லயன் அறைகளிலும் பிரம்படியிலும் சமமாகவில்லை. மனைவியின் ஒளியும் கணவரின் சட்டமும் ஒரே தன்மையன. இரண்டும் யாவர்மீதும் ஒப்ப விழுந்தன. யாவரையும் ஒப்ப உயர்த்தவில்லை.

இலங்கையின் உயர்குடியினர் இக்குறையைத் தம்மளவில் விரைந்து நீக்கிக்கொண்டனர். 1907 இல் ஆணல்ட் றைற் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இலண்டனில் வெளிவந்த இலங்கை பற்றிய பெருநூலிலே, முதலியார், வழக்கறிஞர், வணிகர், தோட்ட உரிமையாளர் ஆகியோரின் உருவப்படங்கள் பெயரோடும் குடிவரலாற்றோடும் நிரம்பியுள்ளன. அந்நூலிலேயே உழைக்கும் மக்களின் படங்கள் தொழிற்பெயரால் வழங்கப்பட்டுள்ளன. அயலார் வகுத்த வழக்கை உள்நாட்டு உயர்குடியினர் மாற்றவில்லை; அதன் மேற்படியில் தாமும் ஏறிக்கொண்டனர். ஆதலின், பெயரின்மைக்குக் கமரன் அம்மையாரை மட்டும் குற்றவாளியாக்குவது முழு உண்மையாகாது.

1879 சனவரியில் கமரன் அம்மையார் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். மறு ஆண்டில் கணவரும் மறைந்தார். பொகவந்தலாவை மரியாள் தேவாலய வளவிலே இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் துயிலும் இடத்தை இன்றும் எவரும் பெயர் சொல்லிக் கேட்டறியலாம். அவ்வாலயத்தைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் உழைத்து மாண்டோருள் அங்ஙனம் அறியத்தக்கோர் எத்தனை பேர்?

கமரன் அம்மையாரின் கலை பெருங்கலை என்பதில் ஐயமில்லை. உடைமையை நீக்கி முகத்தைக் காட்டும் வழியை அவர் கண்டார். பின்வந்த உருவப்படக் கலைஞர் பலர் அவ்வழிச் சென்றனர். எனினும், முகம் மட்டுமே ஆளாகாது. பெயரும், பெயரோடு வரும் ஊரும் உறவும் கூடியவிடத்தே முகம் ஆளாகின்றது. இது அருங்காட்சியகங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. கல்லூரிகளிலும் வீடுகளிலும் சுவர்தோறும் பழைய குழுப்படங்கள் தொங்குகின்றன. இருப்போர், நிற்போர் என அவற்றின்கீழ்ப் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அவ்வரிசையின் ஓரத்தே, மணி அடித்தவரோ வாயில் காத்தவரோ பெயரின்றி நிற்பதும் உண்டு. அவரை அறிந்தோர் சிலரேனும் இருக்கும்பொழுதே அப்பெயரைக் கேட்டறிந்து எழுதிவைத்தல் மாணவர் எவர்க்கும் எளிதிற் கைகூடும் பணி. களுத்துறை முதியவரிடம் கேட்கப்படாத வினா அது. இனியேனும் அது கேட்கப்படுமாயின், அப்படங்களைக் கற்றதன் பயன் அதுவே எனலாம்.